லைட் டூட்டி

1

எங்கள் கேம்ப் வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. கடைசியாக எவனாவது அடிபட்டு மறுநாள் வேலைக்கு வரமுடியாமல் போனதிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அதில் எண் போட்டிருக்கும். ஓமானின் பாலைவனத்தில், மஸ்கட்டிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளி, எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஒரு கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் நான். தினமும் காலை டீ குடிப்பதற்கு முன்னால் அந்த எண்ணை மாற்றுவது என் வேலை.

இந்த வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் அது ஆயிரத்தைத் தொட்டது.

மஸ்கட்டிலிருந்து ஏசி வண்டியில் கேக் வந்தது. ஆயிரம் என்று க்ரீமில் எழுதியிருந்தார்கள். ரிக் மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்து, "நீதான் வெட்டவேண்டும்" என்று கத்தியைக் கையில் கொடுத்தார். கை தட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அதை என் மனைவி ரஹ்மத் ஸ்டேட்டஸில் வைத்தாள். செஞ்சியிலிருந்து என் தம்பி இதயப் படம் போட்டான். அப்போது ஒன்பதாவது முடிக்கவிருந்த மகள் அஃப்ரின், 'உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது அத்தா' என்று இங்கிலீஷில் அனுப்பினாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது.

இப்படிப்பட்ட இடத்தில், கேக் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதுவார்கள். எனக்கு இறங்கியது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்த ஆயிரம் நாட்களுக்குள் ஒரு ஆளின் வலது கை போயிருக்கிறது. அது யாருடைய கை, எப்படிப் போயிற்று, போகும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவன் வீட்டுக்கு அனுப்புகிற போட்டோவைப் பார்த்துத்தான் நீங்கள் எங்களை எடைபோடுகிறீர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என்னுடையதைச் சொல்லப்போவதில்லை.

2

செஞ்சி பஜாரில் பிறந்தவன் நான். அத்தா சைக்கிள் கடை வைத்திருந்தார். பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் சேஃப்டி கோர்ஸ் படித்து, ஓமானுக்கு சேஃப்டி ஆபீஸ் கிளார்க்காக வந்தேன். அப்போது எனக்குக் குடும்ப விசா கிடையாது; ரஹ்மத்தும் பிள்ளைகளும் வேறு மாநிலத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தார்கள், அங்கே ஸ்கூலில் தமிழ் இல்லை. வருஷத்தில் ஒரு மாதம் லீவு.

ஒரு லீவில் என் தம்பி திருவண்ணாமலை ரோட்டில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு போர் போட்டான். செஞ்சியில் கொஞ்சம் தோண்டினாலே பாறைதான். துளை போடுகிற இரும்பு உள்ளே சிக்கிக்கொண்டது. வண்டிக்காரர், குழாயை அறுத்துவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்றார். அந்த வண்டியில் வேலை செய்த ஒரு ஆள் மட்டும் கிளம்பவில்லை. வல்லம் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும், பெயர் ஏழுமலை. குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"கைய வெச்சா தெரியும் பாய். எங்க புடிச்சிருக்குதுன்னு கொழாயே சொல்லும்" என்றான்.

மத்தியானம் முழுக்கக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, சாயங்காலத்துக்குள் அதை வெளியே எடுத்துவிட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. எங்கள் ரிக்கில் ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டேன்.

"ஆழம் எவ்ளோ இருக்கும் பாய்?"

"மூணு கிலோமீட்டர்."

அவன் கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இங்கேர்ந்து கோட்ட வரிக்கும் வந்துடுமே. அம்மாந்தூரம் போயும் தண்ணி வராதா?"

அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் சிரித்து ரொம்ப நாளாகிறது.

அவன் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு மனைவி கௌரி வந்திருந்தாள். மெலிந்த பெண். பஸ் நகர்கிற வரைக்கும் அவள் அவனோடு பேசவில்லை, என்னோடுதான் பேசினாள். "இவுரு வாயே தொறக்க மாட்டாரு பாய். ஒடம்புக்கு வந்தாக்கூட சொல்ல மாட்டாரு. நீங்கதான் கேட்டு கேட்டு பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

3

பதினோரு மாதம் அவன் நன்றாக வேலை செய்தான். அரபி, ஹிந்தி, மலையாளம், இங்கிலீஷ் எல்லாவற்றிலும் பத்துப் பத்து வார்த்தை கற்றுக்கொண்டான். அதில் முதல் வார்த்தை 'யல்லா'. இங்கே வருகிற எவனுக்கும் அதுதான் முதல் வார்த்தை. வா, நட, ஆகட்டும், தூக்கு, இழு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும்.

பன்னிரண்டாவது மாதத்தில் ஒருநாள், பூமிக்குள் இறங்கிய குழாய்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழாயைக் கவ்வ ஒரு இரும்பு இடுக்கி உண்டு. ஒரு ஆளின் எடைக்கு மேல் கனம், கம்பியில் தொங்கும். கீழே இருப்பவர்கள் அதைக் குழாயில் பொருத்திவிட்டுக் கையை எடுப்பார்கள். தனியாக ஒருவர் நின்று, எல்லார் கையும் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துச் சைகை கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் டிரில்லர் லீவரை இழுக்கவேண்டும். லீவரில் நிற்பவரைத்தான் டிரில்லர் என்பார்கள்.

அன்று காலை ஒரு லாரி சரக்கு வந்துவிட்டது. சைகை கொடுக்கிறவரையும் இன்னொரு ஆளையும் ரிக் மேனேஜர் லாரியை இறக்க அனுப்பிவிட்டார். இடுக்கியில் ஏழுமலை ஒருத்தன்தான். காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது, இன்ஜின் சத்தம் வேறு. இடுக்கிக்கும் குழாய்க்கும் நடுவில் அவன் கிளவுஸ் மாட்டிக்கொண்டது. டிரில்லர் மஹ்மூத் எகிப்துக்காரர், நாலு பெண்களுக்குத் தகப்பன். ஆகட்டுமா என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

ஏழுமலை கத்தினான். "இல்ல, இல்ல."

மஹ்மூத் காதில் விழுந்தது, "யல்லா, யல்லா."

இழுத்துவிட்டார். முதலுதவி செய்கிற மெடிக்கோடு நான் ஓடியபோது ஏழுமலை இரும்புத் தளத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் தூக்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தான். மஹ்மூத் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"கிளவுஸ கழட்டாதீங்க பாய்" என்றான் ஏழுமலை. "உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியல."

4

கேம்ப் டாக்டர் கிளவுஸை வெட்டி எடுத்தார். ஐந்து விரலும் இருந்தன. எலும்புதான் நொறுங்கிப் போயிருந்தது. இரண்டு மணி நேரம் தைத்தார். முடித்துவிட்டு, இது தன்னால் ஆகிற காரியமில்லை, இப்போதே மஸ்கட்டுக்கு அனுப்புங்கள் என்றார்.

ரிக் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது. மஸ்கட்டுக்குப் போனால் படுக்க வைப்பார்கள். படுத்தால் ஒருநாள் வேலை போகும். போனால் போர்டில் பூஜ்யம் போடவேண்டும். பூஜ்யம் போட்டால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு.

"அவனால் உட்காரமுடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்" என்றேன்.

அவர் கேட்டது அது ஒன்றுதான். நான் சொன்னதும் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் அறைக்குப் போனேன். மாத்திரை மயக்கத்தில் கிடந்தான். எழுப்பி யூனிஃபார்ம் போட்டுவிட்டேன். வலது கை கட்டோடு நுழையவில்லை என்று சட்டைக் கையைக் கத்தரித்தேன். கைத்தாங்கலாக என் ஆபீசுக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன். வேலைக்கு வந்துவிட்டான் என்பதற்கு அத்தாட்சி. அடிபட்டவனுக்குக் கொடுக்கிற இந்த உட்கார்ந்த வேலைக்கு 'லைட் டூட்டி' என்று பெயர். இடது கையால் சேஃப்டி கார்டுகளில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தவேண்டும். பன்னிரண்டு மணி நேரம்.

"பாய், கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்று பத்து மணிக்குக் கேட்டான்.

"சாயங்காலம் படுத்துக்கலாம். ஒரு வாரம் பல்லக் கடிச்சுக்கோ."

"சரி பாய்."

மூன்றாம் நாள் விசாரணை. ரிக் மேனேஜர், தலைமை ஆபீசிலிருந்து லேப்டாப்போடு வந்த ஒருவர், மஹ்மூத், ஏழுமலை, நடுவில் மொழிபெயர்க்க நான். 'யல்லா' என்று கேட்டது, அதனால் இழுத்தேன் என்று மஹ்மூத் முன்னாலேயே சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டது. நீ என்ன கத்தினாய் என்று ஏழுமலையிடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

"இல்லன்னுதான் கத்துனேன் பாய். இல்ல, கை உள்ள இருக்குது, இஸ்துடாதன்னு. ரெண்டு பேரு வேலய ஒண்டியா செய்யிறேன், சைகை காட்டவும் ஆளில்ல. நான் எங்கேர்ந்து கைய எடுக்கிறது?"

ரிக் மேனேஜர் என்னைப் பார்த்தார். தமிழில் 'இல்ல' என்றால் வேண்டாம் என்று அர்த்தம், சைகை கொடுக்கிறவரை அனுப்பிவிட்டதால் இந்தக் குழப்பம் என்று நான் சொன்னால், அனுப்பியது யார் என்பது அடுத்த கேள்வி. எனக்கு அது தெரியும். என் பதவி உயர்வுக் காகிதம் அவர் மேஜையில் இருந்ததும் தெரியும்.

"'யல்லா' என்று தானேதான் கத்தினானாம்" என்றேன் இங்கிலீஷில்.

லேப்டாப்காரர் தட்டிக்கொண்டார். ஏழுமலை என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"நான் பாத்துக்கறேன். கையெழுத்துப் போடு" என்றேன் தமிழில்.

இடது கையால் அவனுக்குக் கையெழுத்து வரவில்லை. கட்டைவிரல் வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் ஆபீசுக்குள் ஒரு நாற்றம் வந்தது. "பாய், கை நாறுது" என்று அவனே சொன்னான், ஏதோ தப்பு செய்தவன் மாதிரி. டாக்டரிடம் காட்டினேன். அவர், அன்றைக்கே சொன்னேனே என்று கோபப்பட்டார். நான் ரூம் ஸ்ப்ரே அடித்தேன். என் நாற்காலியை ஏசிக்கு நேராக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள் காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தான். கார்டுகளில் குத்தவேண்டிய ஸ்டாம்பை மேஜையில் குத்திக்கொண்டே இருந்தான். அன்று சாயங்காலம் ரிக் மேனேஜர் அவனுடைய வருடாந்திர லீவுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். லீவில் போகிறவன் கணக்கில் வரமாட்டான். நான்தான் ஏர்போர்ட் கூட்டிப்போனேன். விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்ற பயத்தில் கட்டின்மேல் சென்ட் தெளித்து, புதுத் துண்டு சுற்றினேன். "யாரு கேட்டாலும் விழுந்துட்டேன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தேன்.

"சரி பாய்" என்றான்.

சென்னையில் இறங்கியவனைக் கௌரி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூன்றாம் நாள் மணிக்கட்டுக்கு மேலே வெட்டினார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்று சொன்னார்களாம். அதை கௌரி போனில் என்னிடம் சொன்னாள். தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். போர்டில் எண் நிற்காமல் ஏறியது.

5

இரண்டு மாதத்தில் நான் சேஃப்டி ஆபீசர் ஆனேன். குடும்ப விசா வந்தது. ரஹ்மத்தும் அஃப்ரினும் மகன் ரியாஸும் மஸ்கட் வந்து இறங்கிய அன்று அவர்களைப் பார்த்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

நாலு வாரம் கேம்ப், இரண்டு வாரம் வீடு. வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் போயிருப்பார்கள். ரியாஸுக்கு இட்லி பிடிக்காமல் போயிருக்கும். அஃப்ரின் கனடா யுனிவர்சிட்டிகளின் பட்டியல் வைத்திருப்பாள். செஞ்சியை 'உங்க ஊரு' என்பாள். ஒருநாள் "அத்தா, கோட்டைக்கு இங்கிலீஷ்ல ஃபோர்ட்தானே, அதுல யாரு இருக்காங்க இப்போ?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "தென் வொய்?" என்றாள். ஏன் வருஷாவருஷம் அங்கே போகிறோம் என்று கேட்கிறாள் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஏழுமலையின் விஷயம் அதற்குள் பல ஆபீஸ்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கௌரி ஒவ்வொரு திங்கட்கிழமையும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். அந்த மனு எங்கெங்கோ சுற்றி எங்கள் கம்பெனிக்கு வந்தது. கம்பெனியின் பதிலை நான்தான் டைப் செய்தேன். சிறு காயம், சம்பந்தப்பட்டவர் தாமே சைகை கொடுத்ததால் நேர்ந்தது, மறுநாளே வேலைக்குத் திரும்பினார், போட்டோ இணைப்பு, பிறகு வருடாந்திர லீவில் சென்றவர் திரும்பவில்லை. எட்டு வரி. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

6

கேக் வெட்டிய அடுத்த மாதம் லீவில் செஞ்சி வந்தேன். இரண்டரை வருஷமாக லீவில் வந்தபோதெல்லாம் வல்லம் பக்கம் போகாமல் தப்பித்தவன், இந்தத் தடவை போனேன். ஏன் போனேன் என்று நல்ல காரணம் ஒன்றை இப்போது கண்டுபிடித்து எழுதலாம். உண்மை என்னவென்றால், பஜாரில் கௌரி என்னைப் பார்த்துவிட்டாள். "வூட்டுக்கு வாங்க பாய்" என்றாள். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். மறுக்கமுடியவில்லை.

அஃப்ரினும் காரில் வந்தாள். அந்த வழியாக ஒரு கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போயிருந்தேன்.

"வாங்க பாய், குந்துங்க" என்று ஏழுமலை எழுந்து வந்தான். வலது சட்டைக் கை மடித்துப் பின் குத்தியிருந்தது. இளைத்திருந்தான். ஒரு போர் வண்டிக்காரரின் ஆபீசில் போன் எடுக்கிற வேலை என்றான். கௌரி ஏரி வேலைக்கும் களை எடுக்கவும் போகிறாள். அஃப்ரினைப் பார்த்து, "பாப்பா வளந்துட்டுதே" என்றான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கௌரி பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்தாள். நான் டைப் செய்த அதே எட்டு வரி.

"ஸ்கூல் வாத்தியாரு படிச்சி சொன்னாரு பாய். இவுரே 'யல்லா'ன்னு கத்துனாருன்னு போட்டிருக்குதாமே. இவுரு இல்லன்னு கத்துனேங்கறாரு. நடுவுல பேசுனவரு நீங்கதானாம். நீங்க இன்னா சொன்னீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் ஏழுமலை பேசினான்.

"எனக்கு அன்னிக்கே கேட்டுதுடி. நான் என் காதாலயே கேட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "இங்கிலீசு தெரியாது பாய், யல்லா தெரியாதா எனக்கு? நீங்க சொன்னதும் திக்குனு ஆச்சி. அப்பறம், பாய் எதுக்கோ சொல்றாரு, நம்மள வுட்டுட மாட்டாருன்னு நெனச்சிக்கினேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். அதைவிட என்னை அடித்திருக்கலாம் என்று எழுதத் தோன்றுகிறது. அடித்திருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

"இப்பவாவது எழுதிக் குடுங்க" என்றாள் கௌரி. "நடந்தத நடந்த மாதிரி. அது இருந்தா கேஸ் நிக்கும்னு வக்கீல் சொல்றாரு."

அங்கே போய் யோசித்து அனுப்புகிறேன் என்றேன். அவள் நோட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினேன். இங்கிலீஷில் இரண்டு பக்கம். சைகை ஆளை அனுப்பியது, 'இல்ல' என்றது, நான் மாற்றிச் சொன்னது, நாற்காலி, போட்டோ, நாற்றம், லீவுக் காகிதம், எல்லாம். எழுத எழுதக் கை வேகமாகப் போயிற்று. கையெழுத்துப் போட்டு, பெயரும் பதவியும் எழுதிக் கொடுத்தேன். ஏழுமலை இடது கையால் என் தோளைத் தொட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. கௌரி காகிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, டீ போட்டு எடுத்துவந்தாள்.

 காரில், செஞ்சி கிட்டே வந்ததும் அஃப்ரின் கேட்டாள்.

"அந்த அங்கிளுக்கு எப்போ ஆக்சிடென்ட் ஆச்சு அத்தா?"

சொன்னேன். மனதுக்குள் நாள் கணக்குப் போட்டாள்.

"அப்போ அந்த போர்டு?"

"அவரு லீவுல இருந்தாரு" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

7

மஸ்கட் திரும்பி ஆறு வாரத்தில் தலைமை ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ஆட்கள் விவகாரம் பார்க்கிற அம்மாள் மரியாதையானவர். எனக்கு டீ வரவழைத்தார். மேஜையில் என் இரண்டு பக்கத்தின் நகல் இருந்தது.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

அவர் வேறு எதுவும் கேட்காமல், என் மகள் எந்த வகுப்பு என்று கேட்டார். பத்தாவது என்றேன். "முக்கியமான வருஷம்" என்றார். உங்கள் குடும்ப விசா எப்போது முடிகிறது என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு, "இதை எந்தச் சூழ்நிலையில் எழுதினீர்கள்?" என்றார்.

மிரட்டினார் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. டீயில் சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டார்.

"அவர்கள் வீட்டில் வைத்து எழுத வைத்தார்கள்" என்றேன். "எழுதாமல் வெளியே வந்திருக்கமுடியாது."

"எத்தனை பேர் இருந்தார்கள்?"

"நாலைந்து பேர்."

இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவனுக்கு ஒரு கை.

அதை எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். இதற்கும் கையெழுத்துப் போட்டு, பெயரும் பதவியும் எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் ரஹ்மத், "எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்றாள். விசா விஷயம் என்றேன். அஃப்ரின் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள். இப்போதெல்லாம் அவளுடைய தோழிகள் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், 'ஆயில் கம்பெனி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஏழுமலை போன் செய்தான்.

"பாய், லெட்டர் வந்துச்சி. நாங்க ஒங்கள மெரட்டி எழுதி வாங்கிட்டோம்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். நாலஞ்சு பேரு நின்னாங்களாம். எப்பிடி பொய் சொல்றானுங்க பாருங்க." மூச்சு வாங்கினான். "அது கெடக்கட்டும். ஒங்கள எதுனா பண்ணிட்டானுங்களா? வேல இருக்குதா? ரெண்டு நாளா எனக்கு அதே டென்ஷன்."

"வேலை இருக்குது ஏழுமலை. என்னை ஒண்ணும் பண்ணல."

"அப்பாடா" என்றான்.

அரைமணி கழித்து அதே நம்பரிலிருந்து மறுபடியும் போன் வந்தது. கௌரி.

"அவுரு டீக்கடைக்குப் போயிருக்காரு. அதான் பண்றேன்" என்றாள். "வூட்ல நானும் அவுரும்தான் இருந்தோம். நாலஞ்சு பேருன்னு உன்னத் தவிர வேற யாரு சொல்லியிருக்க முடியும்?"

அதுவரை என்னை அவள் நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள்.



"அவுரு நம்பல. பாய் அப்பிடி சொல்லியிருக்க மாட்டாரு, கம்பெனிக்காரன் ஜோடிச்சிட்டான்னு வல்லம் பூரா சொல்லிக்கினு திரியிறாரு. ஒரு மனுசன் எனக்காக வேலய பணயம் வெச்சி எழுதிக் குடுத்தாருன்னு. கை போனப்பறம் ஒரு வருசம் செவுத்தப் பாத்து படுத்துக்கினு இருந்த ஆளு. நீ அன்னிக்கி எழுதிக் குடுத்தப்பறம்தான் நாலு பேருகிட்ட சிரிச்சி பேசுது. அதனால சொல்றேன். கேஸ் போனா போவட்டும். மனசு கேக்கலன்னு நெசத்த கிசத்த சொல்லித் தொலைக்காத. அவுரு போன் பண்ணா எடு. எடுத்துப் பேசு. அது ஒண்ணாவது செய்யி."

சரி என்றேன். அவள் அதற்கு முன்பே வைத்துவிட்டிருந்தாள்.

இதைப் படிக்கிறவர்களில் வல்லம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்து, ஆள் யார் என்று தெரிந்துவிட்டால், தயவுசெய்து அவனிடம் சொல்லவேண்டாம். எழுதாமலே இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அவனிடம் சொல்லக்கூடாது. யாரிடமாவது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவ்வளவு யோக்கியன்தான் நான்.

8

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் போன் செய்கிறான். கேம்பில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் எடுக்கிறேன். மழை வந்ததா, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறேன். போர் வண்டி இன்று எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை அடியில் பாறை என்று அவன் சொல்வான். வைப்பதற்கு முன்னால், "ஒடம்ப பாத்துக்கங்க பாய், ஜாக்கிரதையா இருங்க" என்பான். சேஃப்டி ஆபீசரான எனக்கு.

போன மாதம் செஞ்சியிலிருந்து மஸ்கட் வந்த ஒருவர் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். பை நிறைய மல்லாட்டை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். உரித்து, வறுத்து, உப்புப் போட்டது. ஐந்து கிலோவாவது இருக்கும்.

"ஏழுமலை குடுத்தாரு" என்றார் அவர். "நாலு நாள் குந்திக்கினு அவரே உரிச்சாரு. பொண்டாட்டியக்கூட தொடவுடல. கால் கட்டவிரல்ல அமுக்கிப் புடிச்சிக்கினு, ஒரு கையால ஒவ்வொண்ணா."

ரஹ்மத் அதை டப்பாவில் கொட்டி மேஜைமேல் வைத்தாள். ரியாஸ் கை நிறைய அள்ளிக்கொண்டு ஓடினான். அஃப்ரின், "யாரு அனுப்பினது?" என்று கேட்டாள். சொன்னேன். எடுத்ததைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஏழுமலை போன் செய்தான்.

"வந்துச்சா பாய்?"

"வந்துச்சு."

"சொத்த எதுவும் இல்லியே? பாத்து பாத்துதான் போட்டேன்."

"ஒண்ணுகூட இல்ல."

"பாப்பா சாப்டுச்சா?"

அஃப்ரினின் அறைக் கதவு சாத்தியிருந்தது. "பாதி டப்பா அவதான் தின்னா" என்றேன்.

அவன் சந்தோஷமாகச் சிரிப்பது கேட்டது. "அறுப்பு முடியட்டும், இன்னும் ரெண்டு பை குடுத்தனுப்புறேன். நீங்க எங்களுக்கு செஞ்சதுக்கு நாங்க வேற இன்னா பாய் செய்ய முடியும்" என்றான்.